கார்டு பெட்டி இல்லாத வண்டி

கொருக்குப்பேட்டை கேட் போட்டாச்சு.
முன்னால் ஒரு மீன் வண்டி, ஐஸ் உருகிச் சொட்டுகிறது.
தடைக்கம்பிக்கு அடியில் குனியப் போன பையன்
அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்குகிறான்.
எல்லாருக்கும் அவசரம்.
சொன்னால் சிரிப்பார்கள்,
கேட் விழுந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
எண்ண ஆரம்பிக்கிறேன்.

ஒற்றைப்படை உனக்கு, இரட்டைப்படை எனக்கு.
ஏழாம் வகுப்பு, பி பிரிவு, அமலோற்பவம்.
சரக்கு வண்டியின் ஒவ்வொரு பெட்டிக்கும்
கடைசி எண்ணை நீ கத்துவாய், நான் குறிப்பேன்:
நிலக்கரி ஏழு, கோதுமை இரண்டு,
பெட்ரோல் டாங்க் ஒன்பது, இன்னொரு ஒன்பது.
"கெலிச்சேன் பாரு ஓவர்சியரு!"
தோற்றவள் பேஜோ வாங்கித் தர வேண்டும்,
வாழைத்தண்டு சூப் இரண்டாம் கிண்ணமும்
ஓசியில் கேட்டு வாங்க வேண்டும்.
கேட்பதற்கு உனக்குத்தான் வாய் உண்டு,
ஆகையால் நான் தோற்ற நாளிலும் நீயே கேட்டாய்.

மற்ற பெண்கள் ஸ்டிக்கர் பொட்டு சேர்த்தார்கள்.
நாம் வேகன் சேர்த்தோம்.
எண்பது பக்க நோட்டு, மூன்று.
கார்டு பெட்டி வந்தால்தான் கணக்கு முடியும்.
அதன் முதுகில் மஞ்சளாய் ஒரு பெருக்கல் குறி,
பச்சைக் கொடியோடு ஒரு மனிதர்.
சிலர் கை காட்டுவார்கள். ஒருவர்
பாதி கடித்த கொய்யாவைத் தூக்கிக் காட்டினார்.
அதையும் எழுதி வைத்தோம்.

எனக்கு அம்மை போட்டிருந்த வாரம்
நோட்டு உன்னிடம் இருந்தது.
தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள்
மூன்று வண்டி எழுதிக் கொண்டுவந்தாய்.
படித்தேன். ஒன்றிலும் கார்டு பெட்டி இல்லை.
"நீ கேட்டுக்கே போகலை."
"போனேன்."
"கடைசிப் பெட்டி எங்க?"
நீ கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாய்.
புளுகு என்றேன்.
சிவப்பு மை பேனாவை எடுத்து
உன் மூன்று வண்டிகளின் மேலும்
மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தேன்.
பக்கம் கிழிகிற அளவுக்கு.

பேசவில்லை. பதினோரு நாள்.
அந்த வாரம்தான்
கால்வாய் ஓரத்து உங்கள் வரிசையில்
கதவுகளுக்குப் பெயிண்டில் எண் போட்டார்கள் என்றும்,
உன் அம்மா கூப்பனுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைய
நீ தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு
சாமான்களுக்குக் காவல் இருந்தாய் என்றும்
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் லாரி.
பீரோ, குடம், மாதா படம், அதற்கு மேலே நீ.
கை அசைத்தாயா, தெரியாது.
நான் லாரியின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பழக்கம்.
கடைசி எண் ஐந்து.
நீ கெலித்தாய்.

வெகுநாள் கழித்து, வீடு மாற்றும்போது,
அந்தக் கிழிந்த பக்கத்தைப் பார்த்தேன்.
மூன்று வண்டி, நூற்றிப் பதினெட்டுப் பெட்டி.
எட்டு, நான்கு, இரண்டு, ஆறு, ஆறு, இரண்டு, எட்டு.
எல்லாமே இரட்டைப்படை.
அம்மை வந்தவளுக்கு
ஒரு பெட்டி விடாமல் வெற்றி எழுதியிருக்கிறாய்.
நான் அதையுமா கவனிக்கவில்லை.

இப்போது வண்டி வருகிறது.
என்ஜின் சத்தத்தில் மீன் வண்டிக்காரர்
போனில் கத்துகிறார், யாரோ கடன் தரவில்லை.
முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு,
அவ்வளவுதான்.
கடைசிப் பெட்டியின் கொக்கியில் ஏதோ சின்னக் கருவி,
ஒரு விளக்கு மினுக்குகிறது.
கொடி இல்லை, கொய்யா இல்லை, மனிதரே இல்லை.
கார்டு பெட்டி வேண்டாம் என்று ஆகிவிட்டதாம்,
பக்கத்து ஆட்டோக்காரர் சொல்கிறார்.

அமலு,
நீ எழுதின வண்டி
இப்பதான் கேட்டைத் தாண்டிப் போகுது.

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.
ஸ்கூட்டி
இரண்டாம் உதையில் கிளம்புகிறது.