இருபத்திரண்டு

ப்ளூம்ஃபோன்டெய்னில் டிசம்பர் வெயில்.
ஹெஸ்டர் மூன்றாம் முறையாக
வடிகட்டியைப் பின்னோட்டத்தில் கழுவுகிறாள்.
புல்வெளிக்குப் போகிறது
காசு கொடுத்து வாங்கிய நீலம்.

முள் அசையவில்லை: இருபத்திரண்டு.

மணலை மாற்றினாள். கூடையைக் கவிழ்த்தாள்:
செத்த தவளை, சருகு,
ருவானின் பிளாஸ்டிக் சுறாவில் வால் மட்டும்.
மின்கட்டணச் சீட்டின் முதுகில் கணக்குப் போட்டு
பம்பின் எட்டு மணி நேரத்தை ஐந்தாக்கினாள்.
தண்ணீர் பச்சை பிடித்தது.
முள், அதே.

இரவு மின்வெட்டு.
தெருவின் மோட்டார்கள் எல்லாம் வாயை மூடின.
டார்ச்சோடு போய்
பம்பின் மேல் கை வைத்தாள்;
சூடு இறங்கிக்கொண்டிருந்தது.
கண்ணாடிக்குள்
இருபத்திரண்டு.

அடப்பாவி என்பதற்கு
ஆப்பிரிக்கான்ஸில் என்ன உண்டோ
அதைச் சொன்னாள்.
நூற்றிருபது ராண்ட் பெறாத முள்ளுக்கு
எத்தனை லாரித் தண்ணீர்!

பிறகு செருப்பைக் கழற்றி
பச்சைக்குள் காலை விட்டாள்.