எட்டாவது ஆணி

கொம்தார் மூன்றாம் மாடி,
ஏர்கோண் சொட்டும் மூலைக் கடை.
"நான் தொடவே இல்லை, தங்கச்சி"
என்று மடிக்கணினியை வைக்கிறார் குகநேசன்.
கூடவே ஒரு தைல டப்பி;
உள்ளே ஏழு ஆணிகள்.

எட்டாவது, கீலில்.
தலையில் கூட்டல் குறி இருந்த இடத்தில்
வழவழவென்று ஒரு குழி,
ஓரமெல்லாம் கீறல்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

மீ கோரிங் பொட்டலத்து ரப்பர் வளையத்தைக்
குழிமேல் விரித்து அழுத்தித் திருப்பினேன்.
ரப்பர்தான் கிழிந்தது.
சால்டரிங் கம்பியால் சுட்டேன்,
பத்து எண்ணும் வரை.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
ஊறட்டும் என்று கோப்பி குடித்தேன்.
ம்ஹூம்.

மரை கழண்டவன் என்று
எத்தனை பேரைச் சுலபமாய்ச் சொல்லியிருக்கிறேன்.

நீலப் பசை வைத்து இறுக்கியிருக்கிறாள் எவளோ.
பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்டில்
நானும் இறுக்கியவள்தான்,
மணிக்கு நானூறு.
கழற்ற ஒருத்தி உட்காருவாள் என்று
யார் நினைத்தது?

கடைசியில் அந்தக் குறடு.
மூக்கின் நுனியில் பள்ளம் வெட்டியது,
எண்பது ரிங்கிட்,
யாருக்கும் இரவல் இல்லை.
தலையை விளிம்போடு கவ்வி
மூச்சை நிறுத்தி
இடப்பக்கம்
ஒரு முடியளவு.
கிர்ர் என்றது என் கடைவாய்ப் பல்லில் கேட்டது.
பிறகு விரலுக்கே வந்துவிட்டது, எள்ளுப்போல.

டப்பியில் போட்டு
அவர் பக்கம் தள்ளினேன்.
குகநேசன் டப்பியையே பார்த்தார்.
பைக்குள் கைவிட்டு
நாளிதழில் சுற்றிய ஒன்றை எடுத்தார்:
நுனி உடைந்த பழக்கத்தி.
"வீட்டில் தேடுவாள்.
இதைத் தீட்டித் தர முடியுமா?"