பதினேழாம் வினா

ஞாயிறுதோறும் மார்த்தாண்டத்தில் வகுப்பு.
குலசேகரத்திலிருந்து ஏழு ஐம்பது பஸ்.
திருவட்டாறு தாண்டும்வரை
நின்றுகொண்டேதான் நாவல் வாசிப்பேன்,
மேல்கம்பியில் ஒரு கை,
நூற்றுப் பதினாலாம் பக்கத்தில் ஒரு கை.
ஆங்கில இலக்கியம், தபால்வழி, இரண்டாம் ஆண்டு.
முப்பத்தாறு வயதில் இது எதுக்கு என்றவர்கள்
கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள்.

நாவலில் ஒரு சிப்பாய் வீடு திரும்புகிறான்.
கை கால் எல்லாம் இருக்கிறது.
ரொட்டித் துண்டுகளைச் சப்பாத்துக்குள் ஒளிக்கிறான்.
கதவைப் பார்க்காமல் அவனால் உட்கார முடியாது.
மனைவி கோப்பையை மேசையில் வைத்த சத்தத்துக்காக
கடைசிவரை அவளை மன்னிக்கவில்லை.

அறிகுறிகள், என்று பலகையில் எழுதிய ஷைனி மிஸ்
எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்:
நினைவு மீளல். தவிர்த்தல். மரத்துப்போதல்.
"பத்து மார்க்குக்கு வரும், எழுதிக்கோங்க."
எழுதிக்கொண்டோம்.
மரத்துப்போதல் என்ற சொல்லுக்குள்
ஒரு மரம் நிற்பதை
நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளாட்சன், என் வீட்டுக்காரர்,
பதினேழு வருடம் பட்டாளம்.
எங்கே என்று கேட்டால் "வடக்கே" என்பார்,
வடக்கு ஒரே ஒரு ஊர் மாதிரி.
இப்போது பெருஞ்சாணி ரோட்டில்
ஒன்றுவிட்ட நாள், முன்னூற்றைம்பது மரம் பால்வெட்டு.

ராத்திரி மூணு மணிக்கு எல்லாத் தோட்டத்திலும்
நெற்றி விளக்குகள் நடக்கும்.
அவர் வெட்டும் தோட்டத்தில் இருட்டு மட்டும் நடக்கும்.
பழைய வெட்டின் ஓரத்தை
விரலால் தடவித் தேடுவார். பாதி மரத்தில் தவறும்.
கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் இறங்கும்.
முண்டு முண்டாய்ப் பொருக்கு.

ஓனர் மரியநேசன் வந்து பார்த்தார்.
"இது வெட்டு இல்ல கேட்டியா, கொலையாக்கும்.
ஒனக்க வீட்டுல லைட்டு இல்லியா?"
இவர் வாய் திறக்கவில்லை.
சாயங்காலம் மரச்சீனி உரிக்கும்போது
மரச்சீனியைப் பார்த்தே சொன்னார்:
"வெளிச்சம் வச்சிருக்கவனத்தான் மொதல்ல சுடுவான்.
தாப்பாவுக்க நெத்தியில லைட்டு இருந்து."

தவிர்த்தல், என்று மனசுக்குள்
பென்சிலால் கோடு போட்டேன்.
போட்டதும் வெட்கமாக இருந்தது.

அடுத்த வெட்டுக்கு
அவருடைய விளக்கை நான் கட்டிக்கொண்டு போனேன்.
பத்து மரம் தள்ளி, ஒரு பாறைமேல் உட்கார்ந்து
நாவலை விரித்தேன்.
சுடுகிறவன் என்னைச் சுடட்டும்,
பரீட்சைக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது.

"அணை பிள்ளே."
"அத்தியாயம் முடியட்டு."
கத்திச் சத்தம் நின்றது.
கொசு. சிரட்டையில் பால் சொட்டுவது.
பிறகு சருகை மிதிக்காமல் வந்து
எனக்கு முதுகைக் காட்டி நின்றார்,
எனக்கும் இருட்டுக்கும் நடுவில்.
பால்கத்தியைப் பிடித்த கை
வேறெதையோ பிடித்திருந்தது.
இருபத்திரண்டு பக்கம் அப்படியே நின்றார்.
விடிவதற்குள் நாற்பது மரம்தான் முடிந்தது.
அதில் ஒன்பது என் வெளிச்சம் எட்டிய இடத்தில்.
அந்த ஒன்பதில் கத்தி தடியைத் தொடவில்லை.
எண்ணிப் பார்த்தேன், அவருக்குத் தெரியாமல்.

பதினேழாம் வினாவாக வந்தது.
எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
ரொட்டி, சப்பாத்து, கதவு, கோப்பை.
அதற்கப்புறமும் பேனா நிற்கவில்லை.
நெற்றியில் விளக்கில்லாமல் ஒருவன்
இரண்டரைப் பக்கம் நடந்தான்.

பத்துக்கு நாலு.
பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன்.
ஓரத்தில் சிவப்பு மை:
இந்தக் காட்சி நாவலில் இல்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்றார்.
"இல்லாதத எழுதிட்டனாம்."
அந்தச் சிவப்பெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
சாயா ஆறி ஆடை கட்டும்வரை.
அப்புறம் தாளை மடித்து,
மடிப்பை நகத்தால் இழுத்துவிட்டு,
"அடுத்த நாவலு," என்றார்,
"எத்தற பக்கம் வரும்?"