இருபது மில்லிமீட்டர்

கோபுரம் சாய்ந்திருக்கிறதென்று
பங்குப் பேரவை தீர்மானம் போட்டது,
ஒரு செல்போன் படத்தை நம்பி.
கடைசித் தவணை நாலரை லட்சம் நின்றுபோன அன்று
டெலஸ்பர் கான்ட்ராக்டர் ஸ்டுடியோவுக்கு வந்தார்.
"சாஞ்சது கோபுரமா, இவனுவ போனா?
நேரா ஒரு படம் எடுத்துத் தா, பிள்ளே."

அண்ணாந்தால் எல்லாம் சாயும் என்றேன்.
தென்னை, மின்கம்பம், செல் டவர்,
எதுவானாலும் உச்சி ஒடுங்கிப் பின்னால் விழும்.
கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் சுவர் நிமிரும்,
ஆனால் சிலுவை வெட்டுப்படும்,
பாதிப் படம் வெறும் மணல்.
அதற்குத்தான் ஷிப்ட் லென்ஸ்.
உடம்பு அசையாது, கண் மட்டும் மேலே போகும்,
துஷ்டி வீட்டில் குனிந்த தலை குனிந்தபடியே
யார் வந்ததென்று பார்த்துவிடும் பெண்களைப் போல.

கம்ப்யூட்டரில் நிமிர்த்த எனக்குத் தெரியும்.
நிமிர்த்தியது பேரவைக்கும் தெரியும்.
எனவே ஃபிலிம்.
சாட்சிக்குக் கையில் பிடிக்க ஒரு நெகட்டிவ்.

தக்கலையில் நஜுமுதீன்
மூடிப்போன ஸ்டுடியோக்களின் சாமான்களை எடை போட்டு வாங்குபவர்.
ரெக்சின் மேசைமேல் மூன்றை வைத்தார்.

ஃபியூஜிக்குத் துருத்தி உண்டு,
ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம்.
நாலு கிலோ. பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் கேட்பார்கள்.
பேட்டரி செத்து எந்தக் காலமோ.

மாமியா கைக்கு அடக்கம்.
சுருளுக்குப் பதினைந்து படம், ஆசையாகத்தான் இருந்தது.
லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்:
இடவப்பாதியில் பிடித்த பூஞ்சை
ஐப்பசியில் கிளைவிட்டிருந்தது.

மூன்றாவது பென்டாக்ஸ்.
சாதாரணக் கேமராவுக்கு நீர்கோத்து வீங்கிய மாதிரி.
மரப்பிடி. சுருளுக்குப் பத்தே படம்.
கண்ணாடி எழும்பும் சத்தம்
கொடியேற்றத்துக் கதினா.
எழுபத்தைந்து லென்ஸ், இருபது மில்லிமீட்டர் நகரும்.
விலை சொன்னார். நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் கொடுங்க, பார்த்துட்டுச் சொல்லுதேன்"
என்று ஸ்கூட்டரின் ஆர்சி புத்தகத்தை ஈடு வைத்து
மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே போனேன்.
பறளியாற்றின் ஓரம் முக்காலியை ஊன்றி
திருகைத் திருப்பத் திருப்ப
விழுந்துகொண்டிருந்த தூண்கள்
ஒவ்வொன்றாக விழுவதை நிறுத்தின.
தலைகீழாய்க் குளித்துக்கொண்டிருந்த பையன்கள்
என்ன சினிமா என்று கேட்டார்கள்.
மறுநாள் கைச்செயினை அடகு வைத்தேன்.

மண்டைக்காட்டுக்கு மேற்கே அந்தக் கடற்கரை ஊர்.
காலை ஆறரை.
நீர்மட்டக் குமிழி நடுவில் வந்து நின்றது.
கேமரா கடலைப்போல் மட்டமாக இருக்க
லென்ஸ் மட்டும் சிலுவைவரை ஏறியது.
பத்துப் படம். எதுவும் வீணில்லை.

விளக்குப் பெட்டிமேல் நெகட்டிவ். அதன்மேல் எஃகு ஸ்கேல்.
பின்னால் விழவில்லை கோபுரம். ஒடுங்கவும் இல்லை.
டெலஸ்பர் சொன்னது சரிதான், போன்தான் பொய்.
ஆனால் போனின் பெரிய பொய்க்குள்
ஒளிந்திருந்த சின்ன ஒன்று
இப்போது தனியாக நின்றது:
இரண்டு விளிம்பும், அரை மில்லிமீட்டர்,
கடல் பக்கமாக.

ஸ்கேலைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
அரை மில்லிமீட்டர்.
பக்கத்துக் கொடிமரத்தோடு ஒப்பிடலாமென்றால்
அதை நட்டதும் அவர்தான்.

படத்தை வெகுநேரம் பார்த்தார்.
"நல்லாத்தான் எடுத்திருக்கே" என்றார்.
பிறகு வேனுக்குப் போய்
சீட்டின் அடியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார்.

மணி மாடத்திலிருந்து நூல் இறங்கியது.
ஆடிக் காற்று.
குண்டு நிற்கவில்லை.
கீழே கட்டம்போட்ட சட்டையோடு அவர் குந்தியிருக்கிறார்,
காற்று விழட்டும் என்று.
வலை உலர்த்துபவர்கள் பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள்.

அவர் குண்டைப் பார்க்கிறார்.
நான் முக்காலியின் குமிழியை
நேற்று எங்கே நின்றதென்று யோசித்துப் பார்க்கிறேன்.
ஈர மணலில் ஒரு கால்
கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.
இறங்கியிருந்தால் நல்லது.