இருபது தெத்ரி

எங்கள் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
ஏறுவதற்கு இருபது தெத்ரி.
இறங்க இலவசம்.
கீழே போகிறவளிடம் யார் கேட்பார்கள் காசு?

திபிலிசியின் வடகோடி, க்ல்தானி.
சாம்பல் நிறத்தில் பதினாறு மாடி.
ஏழாவதில் நான், மக்வாலா,
மூன்று ரொட்டிக்கடைகளின் கணக்கெழுதுபவள்.
காசுப்பெட்டியை மாட்டியவன் நெட்டையன் போலும்.
அதன் வாய்
உட்கார்ந்த என் தலைக்கு மேல் ஒரு முழம்.

காற்றில் முறிந்த குடையை உரித்தேன்.
காம்பின் நுனியில் துணிக்கிளிப்,
கிளிப்பின் பல்லில் காசு.
முதல் வாரத்தில் பதினொரு காசுகள்
கதவிடுக்கில் நழுவிப் பாதாளம் போயின.
ஒவ்வொன்றும் விழுந்து ஒலிக்கும்வரை
காது கொடுத்துக் காத்திருந்தேன்.
இரண்டாம் வாரம் கை பழகிவிட்டது.

போன வசந்தத்தில் ஓர் அறக்கட்டளை
மின்நாற்காலி கொடுத்தது.
ரிப்பன், புகைப்படம், கைகுலுக்கல்.
லிஃப்ட் கதவைவிட ஆறு சென்டிமீட்டர் அகலம்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
அது இப்போது கோச்சாவின் வெல்டிங் கொட்டகையில்
இரவெல்லாம் மின்சாரம் குடித்தபடி நிற்கிறது,
யாரோ பரிசாகத் தந்த குதிரை மாதிரி.
மேலே ஒரு நாற்காலி, கீழே ஒரு நாற்காலி.
மாறி உட்காரும்போதெல்லாம் கோச்சா
ஜன்னல் பக்கம் திரும்பி
சிகரெட்டைத் தேடுவார்.
அவர் புகைப்பதில்லை.

பதிவு அலுவலகத்தில் சாய்தளம் கட்டினார்கள்.
தூரத்திலிருந்து அழகு.
கிட்டே போனால் சறுக்குமரம்.
என் மடியில், கடையில் வாங்கிய எலுமிச்சை.
மேலே ஏறிய பெண்ணிடம் ஒன்றைக் கொடுத்து
உச்சியில் வைத்து விடச் சொன்னேன்.
உருண்டது. குதித்தது. சாலையைக் கடந்து
அந்தப் பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த
வேனின் சக்கரத்தடியில் போய் ஒடுங்கியது.
மனுவில் ஒரே வரி எழுதினேன்:
‘ஐயா, எலுமிச்சைக்கு அடுத்தது நான்.’

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது.
உதவிக்கு மணி பொருத்தியிருக்கிறோம், அழுத்தவும்.
மணி இருந்தது
படிகளின் உச்சியில்.

கோச்சாவிடம் சொன்னேன்.
சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.
ஞாயிறு காலை துளைப்பான் சத்தம் கேட்டது.
காசுப்பெட்டி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.
யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.
கேட்டால் குடியிருப்போர் கூட்டம் போடுவார்கள்,
கூட்டம் நடப்பது நிலவறையில்,
பதினான்கு படி கீழே.

மூன்றாம் மாடி வாமேக்கிற்கு ஆறு வயது.
முதன்முதலாகத் தன் கையால் காசு போட்டான்.
வேலையே இல்லாமல் ஆறு முறை ஏறினான்.
அவன் அம்மாவின் சில்லறைப் பை காலி.
இரு கையிலும் மூட்டையோடு வருகிறவர்கள்
தோளை உயர்த்தாமல் போடுகிறார்கள்.
பன்னிரண்டாம் மாடி போந்தோ மட்டும்,
ஒரு காலத்துக் கூடைப்பந்துக்காரர்,
‘குனிய வேண்டியிருக்கிறதே’ என்று
தினமும் முணுமுணுக்கிறார்.
எட்டு வருடம் அவர் சட்டைப் பொத்தானோடுதான்
நான் பழகியிருந்தேன்.
குனிந்தபோதுதான் பார்த்தேன்,
இடது புருவத்தில் ஒரு தழும்பு.

வெள்ளிக்கிழமை மின்சாரம் போனது.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
நானும் போந்தோவும், முழங்காலோடு முழங்கால் இடித்தபடி.
இருட்டு.
அரை மணி நேரத்தில் அவர் மூச்சு மாறியது.
முட்டி, என்றார். பழைய அடி, என்றார்.
எனக்கென்ன, உட்கார்ந்துதானே இருக்கிறேன்.
பழக்கத்தில் நாற்காலி ஓரம் செருகியிருந்த
குடைக்காம்பை உருவி நீட்டினேன்.
ஊன்றிக்கொண்டார்.
இருட்டில் நுனிவரை தடவிப் பார்த்தார்,
கிளிப்பையும்
கிளிப்பில் இன்னும் கடித்திருந்த காசையும்.

‘இது எதற்கு?’

‘முன்பெல்லாம்,’ என்றேன்,
‘உங்கள் உயரம் வருவதற்கு.’