இறுதிப் பயனர்

படிவத்தின் பதினான்காம் கட்டம் கேட்கிறது:
இறுதிப் பயனர் யார்?

துவாஸ். மணி மூன்றேகால்.
குளிரூட்டி என் முதுகையே குறிவைத்திருக்கிறது.
முந்நூற்று நாற்பது கிலோ காந்தம்
வடக்கே ஒரு துறைமுகத்தில்
இன்றோடு நாற்பத்தொரு நாள்.
பள்ளிக்கூடத்துச் சிவப்பு லாடமல்ல,
ஒவ்வொன்றும் பச்சரிசி அளவு.
சூட்டிலும் பிடி தளராதிருக்கத்
துளி டிஸ்ப்ரோசியம் சேர்த்தது.

அருமண் என்கிறார்கள்.
தேடிப் படித்தால், அரிதே இல்லையாம்.
எல்லா நாட்டு மண்ணிலும் கொஞ்சம் கிடக்கிறதாம்.
அமிலம், கழிவு, பொறுமை
மூன்றும் ஒரே ஊரில் குடியிருப்பதுதான் அரிது.
முப்பது வருடம் மலிவாக வாங்கினோம்.
மலிவுக்கும் ஒரு பூட்டு இருக்குமா
என்று எவரும் கேட்கவில்லை,
பூட்டுகிற சத்தம் வரும்வரை.

காலையில் வந்த படிவம்:
இப்பொருள் அவர்கள் கைக்குப் போகாதென
உறுதி கூறுக.
மதியம், வேறொரு தலைநகரிலிருந்து:
இப்பொருள் இவர்கள் கையிலிருந்து வரவில்லையென
உறுதி கூறுக.
இரண்டுக்கும் என்னிடம் ஒரே பேனா.

"சத்தியம் பண்ண பயமா இல்லையா?"
மீன் சூப்பில் முள் பொறுக்கியபடி
ஷு லிங் கேட்டாள்.
சத்தியமல்ல, அறிவிப்பு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

மாதிரிக்கு வந்த இரண்டு வில்லைகள் மேசையில்.
கொஞ்சம் பெரியவை, பொத்தான் போல.
வேற்றுத் துருவங்கள் ஈர்க்கும்,
ஒத்தவை விலக்கும். எட்டாம் வகுப்பு.
நடுவில் விரல் இருந்தால் என்னாகும்
என்பது பாடத்தில் இல்லை.
ஆள்காட்டி விரலில் ஒரு ரத்தக்கட்டு,
மிளகு அளவில், கறுத்து வருகிறது.

மூன்றாம் வரிசை எந்திரங்கள் நின்று ஒன்பது நாள்.
நேற்று கலியன் வந்தான்,
ஜெயங்கொண்டத்துக்காரன்,
பாதுகாப்புக் காலணியை வாசலில் கழற்றிவிட்டு
(கழற்ற வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது?)
"பெர்மிட் வந்துச்சாக்கா?"
காந்தத்துக்கா, உனக்கா என்று
கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன்.
அது வராமல் இவனுக்கு ஓவர்டைம் இல்லை.
அடுத்த மாதமும் வராவிட்டால்
இவன் அட்டையைப் புதுப்பிக்கமாட்டார்கள்.
இரண்டு விண்ணப்பமும் என் இழுப்பறையில்
ஒரே பச்சைக் கோப்பில் கிடக்கின்றன.
காந்தத்துக்குப் பதினாறு பக்கம்.
கலியனுக்கு மூன்று.

சன்னலுக்கு வெளியே
இன்னும் கடலைத் தூர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
நான் பிறந்த வருடம் இந்த மேசை இருக்கும் இடத்தில்
மீன் இருந்திருக்கும்.
காலடி மண்ணையும் காசு கொடுத்துக்
கப்பலில் கொண்டுவந்து கொட்டிய ஊர்.
அந்த மணலுக்கும் எவளோ ஒருத்தி
படிவம் நிரப்பியிருப்பாள்.
அதையும் ஒரு நாள்
இனிமேல் இல்லை என்றார்கள்.
எப்படிச் சமாளித்தாள் என்று
எந்தக் கோப்பிலும் இல்லை.

பதினான்காம் கட்டத்தில்
நிறுவனத்தின் பெயரை எழுதி அனுப்பினேன்.
இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது:
போதாது, அவருக்கு அடுத்தவர்?
மோட்டார் செய்பவர் பெயரை எழுதினேன்.
அவருக்கும் அடுத்தவர்?

அடுத்தவர்
யாரோ ஒருவரின் காதுக்கருவியில் இருக்கிறார்.
யாரோ ஒருவரின் ஏவுகணை வாலில் இருக்கிறார்.
ஒரே பச்சரிசி,
எந்த உலையில் விழும் என்று
நான் எப்படிக் கையெழுத்திட?

ஆறரைக்கு மின்தூக்கியில் ஏறினேன்.
சத்தமே இல்லாமல் இறக்கியது.
தலைக்கு மேல் ஏதோ ஓர் இருட்டுப் பெட்டிக்குள்
அதே மண்
பிடி விடாமல் சுழல்கிறது.
கட்டத்தில் என் பெயரையே எழுதியிருக்கலாமோ.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது.
கலியன்.
வாயால் ஒன்றும் கேட்கவில்லை.
புருவத்தை மட்டும்
ஒருமுறை உயர்த்தினான்.