குறைந்தபட்ச உதவி

முதல் நாள் எபெர் கேட்டார்:
"தொழில்வழிச் சிகிச்சையா?
தொழில் ஏதாவது வாங்கித் தருவாயா?"
உருகுவாய் ஆற்றை ஒட்டி ஓடும்
பாய்சாந்து–சால்தோ பேருந்தில்
இருபத்தொன்பது வருடம் டிக்கெட் கிழித்தவர்.
பதில் என் பாடக்குறிப்பில் இருந்தது.
பக்கம் நினைவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
இரண்டாம் ஆண்டில் ஒரு பகல் முழுக்க
ஒரு கையைத் துணியால் கட்டிக்கொண்டு
முட்டை உரித்தோம், ஷூ நாடா முடிந்தோம்,
சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.
ஐந்து மணிக்கு அவிழ்த்துவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டோம்.

படிவத்தில், வாரம் ஒன்று: சட்டைப் பொத்தான்.
வாரம் இரண்டு: சட்டைப் பொத்தான்.
இடது கை அவர் மடியில் கிடக்கும்,
பேருந்தில் யாரோ விட்டுப்போன குடை போல.
பார்த்துக்கொண்டே இருப்பார்,
உரியவர் வரட்டும் என்று.

ஒரு வியாழன், சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது.
மூன்றாம் பொத்தானிலேயே நின்றிருந்தார்.
நானே போட்டுவிட்டேன். நான்கு நொடி.
வாசலில் இவோன், என் மேற்பார்வையாளர்:
"இப்போது யாருக்குப் பயிற்சி ஆயிற்று?"
அன்றிரவு
சட்டையைக் கழற்றாமலே தூங்கினேன்.

பிளாஸ்க் என் பிழை.
வார்டுக்குள் வெந்நீர் கூடாது.
நாற்காலியில் வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன்,
பக்கத்தில் கசப்பிலை நிறைத்த சுரைக்குடுவை.
நிமிர்ந்தால்
குடுவை அவர் வலது கையில்.
பிளாஸ்க் இடது அக்குளில்.
"எப்படி அங்கே போயிற்று?"
"வேறெங்கே இருக்கும்?" என்றார்,
நான் டிக்கெட் இல்லாமல் ஏறியவள் போல.
ஆறு நொடி. ஏழு.
நழுவியது.
தரையெல்லாம் ஆவி,
என் கால் கட்டைவிரலில் கொப்புளம்.

விபத்து அறிக்கை இரண்டு பக்கம்.
இவோன் கையெழுத்திட்டுவிட்டு
அடியில் பென்சிலால் சேர்த்தார்:
நாளை முதல் குளிர்ந்த நீர்.

ஒன்பது நாள்.
"நாய்கூடக் குடிக்காது இதை" என்று
திட்டித் திட்டிக் குடித்தார்.
பொத்தான் இன்னும் மூன்றிலேயே.
பிளாஸ்குக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பத்தாம் நாள்
நான் பாக்கி வைத்திருந்த உடற்கூறியல் தேர்வு.
தோளின் தசைகளை வரிசையாக எழுதினேன்,
ஒன்றையும் விடவில்லை.
திரும்பி வந்தால் அவர் படுக்கையில்
இடுப்பெலும்பு முறிந்த கணக்கு டீச்சர்.
"நீ யார், நர்ஸா?"
அவரைக் காலையிலேயே அனுப்பிவிட்டார்களாம்,
மருமகன் வந்து கூட்டிப்போனானாம்.
உதவியின் அளவு என்ற இடத்தில்
குறைந்தபட்சம் என்று எழுதி
அழித்து
மறுபடி அதையே எழுதினேன்.

வீடு திரும்பும் பேருந்தில் எண்ணினேன்:
பதினொரு பேர், பதினொரு பிளாஸ்க்.
ஒருவர் சில்லறை தேடுகிறார்,
ஒருத்தி குழந்தையை மடி மாற்றுகிறாள்,
வண்டி பள்ளத்தில் விழுந்து எழுகிறது.
ஒரு அக்குளும் திறக்கவில்லை.

எங்கே இறங்க வேண்டும் என்று
நடத்துநர் இரண்டு முறை கேட்டார்.